காப்பீடில்லாமல் ஹார்மோன் சிகிச்சை: சென்னையில் எந்த வழி உண்மையில் மலிவு?

மருத்துவக் காப்பீடு இல்லையே, ஹார்மோன் சிகிச்சையை எப்படித் தொடங்குவது என்று கேட்டு வரும் திருநர் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது, காப்பீட்டு அட்டை இருந்தாலும் இந்தச் செலவின் பெரும்பகுதி நம் கையிலிருந்துதான் போகும் என்பதையே. வழக்கமான காப்பீடுகள் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. மாதாமாதம் வாங்கும் மாத்திரையும் ஊசியும் அவ்வப்போது எடுக்கும் இரத்தப் பரிசோதனையும் புறநோயாளிக் கணக்கில் சேர்வதால் அவற்றுக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. திருநர் உரிமைகளுக்காக 2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஹார்மோன் சிகிச்சைக்கும் சேர்த்துக் காப்பீடு வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் மருந்துக்கடையில் பில் போடும் இடத்தில் அந்தப் பிரிவு இன்னும் நமக்கு உதவவில்லை. ஆகவே காப்பீட்டுக்காகக் காத்திராமல், இருக்கும் வழிகளில் எது எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளது. மருத்துவர் கட்டணம், பரிசோதனை, மருந்து ஆகிய மூன்றோடு நாலாவதாக ஒன்றையும் கணக்கில் சேர்க்கிறேன்: அன்றைக்கு இழக்கும் கூலி.

முதல் வழி அரசு மருத்துவமனை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில், அதாவது நாம் ஜி.எச். என்று சொல்லும் இடத்தில், ஹார்மோன்களைக் கவனிக்கும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவம், மனநல மருத்துவம், ஒட்டுறுப்பு (பிளாஸ்டிக்) அறுவைச் சிகிச்சை ஆகிய துறைகள் ஒரே வளாகத்தில் உள்ளன. திருநர்களுக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவும் நடக்கிறது. அது எந்தக் கிழமையில் நடக்கிறது என்பதை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போனால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம். மருத்துவருக்குக் கட்டணமில்லை, பரிசோதனைகளும் இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ முடிந்துவிடும். சிகிச்சையைத் தொடங்கக் கேட்கும் மனநல மருத்துவரின் கடிதத்துக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

விலை வேறு விதமாக வருகிறது. காலை ஏழு மணிக்கே ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்க வேண்டும். இரத்தம் கொடுக்க ஒரு நாள், முடிவைக் காட்ட இன்னொரு நாள் என்று ஆகிவிடும். தினக்கூலிக்கோ கடையிலோ வேலை செய்பவருக்கு இரண்டு நாள் சம்பளம் போனால் அது இலவசமில்லை. பழைய பெயரைச் சீட்டில் எழுதி, கூடமே திரும்பிப் பார்க்கும்படி உரக்கக் கூப்பிட்ட ஒரு காலை வேளையை நான் மறக்கவில்லை. அது எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. அதற்குப் பிறகு, பழுப்பு அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றில் முதல் பக்கத்தில் என் பெயரைப் பெரிதாக எழுதி, சீட்டோடு சேர்த்து நீட்டத் தொடங்கினேன். செவிலியர்கள் அந்தப் பெயரையே படித்தார்கள். மருந்தின் அளவு, பரிசோதனை எண்கள், தேதி எல்லாம் அந்த நோட்டில் இருப்பதால் மருத்துவர் மாறினாலும் சிகிச்சை முதலிலிருந்து தொடங்குவதில்லை.

இரண்டாவது வழி தனியார் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். மாலை நேரத்தில் பார்க்கலாம், வேலைக்கு விடுப்பு வேண்டாம், கூட்டத்தில் நிற்கும் கூச்சமும் இல்லை. கட்டணம் 500 ரூபாய்க்குக் குறைவது அரிது. பெரிய மருத்துவமனைகளில் 1,000-ஐத் தாண்டும். அதைவிட அதிகம் கடிப்பது பரிசோதனைதான். பெண் ஹார்மோனான எஸ்ட்ரடையால், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், கல்லீரல், பொட்டாசியம் எல்லாவற்றையும் தனியார் ஆய்வகத்தில் ஒரே தடவை எடுத்தால் தொகை 2,000 ரூபாயை எளிதில் தொட்டுவிடும். போகும் முன்பு தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள்: திருநர்களுக்கு மருத்துவர் சிகிச்சை அளித்திருக்கிறாரா, அரசு மருத்துவமனையில் எடுத்த பரிசோதனை முடிவுகளை ஏற்பாரா, மருந்தை நிறுவனப் பெயரில் அல்லாமல் ஜெனரிக் பெயரில், அதாவது மருந்தின் சொந்தப் பெயரில், எழுதித் தருவாரா. உங்கள் பாலின அடையாளத்தையே 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று எந்த மருத்துவராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தந்த உத்தரவைத் தொடர்ந்து, தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அத்தகைய முயற்சியைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்திருக்கிறது.

இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; என் கருத்து அதுவன்று. முதல் ஆண்டில்தான் மூன்று மாதத்துக்கொரு முறை இரத்தம் பார்த்து அளவைத் திருத்த வேண்டியிருக்கிறது. அளவு நிலைபெற்ற பிறகு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பார்த்தால் போதும். பரிசோதனை மிகுந்த முதல் ஆண்டை அரசு மருத்துவமனையில் கழித்துவிட்டு, விடுப்பு எடுப்பது கடினமானால் அதன்பின் தனியாரிடம் போவதே செலவைக் குறைக்கும். பணமிருக்கிறதே என்று தனியாரில் தொடங்கி, ஆறாம் மாதம் கையிருப்பு தீர்ந்து மருந்தையே நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காணொளி வழி ஆலோசனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் இதற்கு இடம் தருகின்றன. மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும். முதல் தடவை நேரில் பார்த்துவிட்டு, தொடர்ச்சிக்கு இதைப் பயன்படுத்துவது நல்லது.

மருத்துவரின் சீட்டே இல்லாமல் ஹார்மோன் வாங்குவதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். திருநங்கைகள் சேர்ந்து வாழும் எங்கள் ஜமாத்தில் மூத்த அம்மாக்கள் சொல்லிக்கொடுத்த மாத்திரையை விழுங்கி வளர்ந்த தலைமுறை நாங்கள். மருத்துவர் நம்மை உட்காரவும் சொல்லாத காலத்தில் அவர்களுக்கு வேறு வழியில்லை. அந்த மாத்திரை பெரும்பாலும் கருத்தடை மாத்திரையாகவே இருந்தது. அதில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ரடையால். மருத்துவர் எழுதுவது எஸ்ட்ரடையால் வேலரேட். பெயர் ஒலிப்பில் நெருக்கம், உடலில் நெருக்கமில்லை. முன்னது இரத்தம் உறையும் ஆபத்தைக் கூடுதலாக உண்டாக்குகிறது. சீக்கிரம் மாற்றம் வரட்டும் என்று நாளைக்கு நாலைந்து விழுங்கும்போது அந்த ஆபத்து பெருகுகிறது. ஒரு நாள் இரவு என் தோழி ஆட்டோவில் வந்து இறங்கினாள். இடது கெண்டைக்கால் வீங்கி, செருப்பு நுழையாமல் அதைக் கையில் பிடித்திருந்தாள். காலில் இரத்தக் கட்டி. உயிர் தப்பினாள். ஆனால் உறைதலைத் தடுக்கும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் அவள் செலவழித்த தொகையில் பல ஆண்டு எஸ்ட்ரடையால் வாங்கியிருக்கலாம். எவருக்காவது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு திணறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சீட்டு கையில் வந்தபின் எங்கே வாங்குவது என்பது அடுத்த கேள்வி. ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் இதய நோயாளிகளுக்கும் எழுதப்படும் மருந்து என்பதால் மலிவாகவும் பரவலாகவும் கிடைக்கும். அரசு மருத்துவமனை மருந்தகம், மத்திய அரசின் மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலமெங்கும் 1,000 கடைகளாகத் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகம் என்ற வரிசையில் கேளுங்கள். எஸ்ட்ரடையால் அப்படியன்று. அரசு மருந்தகத்தில் 'இருப்பில்லை' என்று சொன்னால் தனியார் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே அட்டையின் விலையை மட்டும் பார்க்காமல், அதை மாத்திரைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரே மில்லிகிராம் அளவுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறும். தோலில் பூசும் ஜெல் விலை கூடுதல்தான். ஆயினும் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கும் புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கும் மாத்திரையைவிட உறைதல் ஆபத்து குறைவு என்பதால், மருத்துவர் ஜெல் எழுதினால் விலைக்காக அதை மாத்திரையாக மாற்றிக் கேட்க வேண்டாம்.

மேலே சொன்ன மருந்துகள் திருநங்கைகளுக்கு; திருநம்பிகளுக்குக் கணக்கு வேறு. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கொரு முறை போடும் டெஸ்டோஸ்டிரோன் எண்ணெய் ஊசி ஒவ்வொன்றும் மலிவு, ஆனால் ஊசி போடும் கூலியும் பயணமும் ஒவ்வொரு தடவையும் சேரும். டெஸ்டோஸ்டிரோனின் இன்னொரு வடிவமான, சுமார் பன்னிரண்டு வாரம் நிற்கும் அண்டெகனோயேட் ஊசிக்கு ஒரே மூச்சில் பெரிய தொகை வேண்டும். மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்க முடியாதவருக்கு முதலில் சொன்ன ஊசியே ஏற்றது. எந்த ஊசியானாலும் இரத்தச் சிவப்பணுக்களின் விகிதத்தைக் காட்டும் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. டெஸ்டோஸ்டிரோன் அதை ஏற்றிவிடும் என்பதால், ஒவ்வொரு முடிவையும் அந்த நோட்டில் தேதியோடு எழுதி அடுத்த தடவை மருத்துவரிடம் காட்டுங்கள்.