பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகிறவர்களே, 3 லட்சத்து 40 ஆயிரம் போனவன் எழுதுகிறேன்

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். மொத்தம் 3 லட்சத்து 40 ஆயிரம். பெயரைச் சொல்லப் போவதில்லை. பழைய வண்டிகளைத் தாங்களே பரிசோதித்து, சான்றிதழ் போட்டு ஆன்லைனில் விற்கும் ஒரு தளம். வண்டி, டபுள் கேபின் டீசல் பிக்கப், 14 வருடப் பழசு. ஓடோமீட்டரில் 1,28,000 கி.மீ.

பார்க்கப் போனபோது துடைத்துத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்டது. விற்பனைப் பையன் சைலன்ஸருக்குப் பின்னால் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்து, "இந்த வயசு டீசல்ல புகையே இல்ல, பாருங்க சார்" என்றான். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. என்னை விழவைத்தது அந்தக் கைக்குட்டைதான். பானெட் சூடாக இருக்கிறதே என்று கேட்டேன். "இப்பதான் சார் நகர்த்தி வெச்சோம்." சிரித்த முகம், கையில் பச்சை டிக் போட்ட பரிசோதனைத் தாள். அங்கேயே பணத்தை அனுப்பினேன்.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் வலு, குறைந்த டீசல் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதுதான் உண்மையைச் சொல்லும். செல்ஃப் நீளமாக அடிக்கும், வெள்ளைப் புகை கக்கும், வண்டியே உதறும். முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்தால் இதில் பாதி தெரியாது. மறுநாள் காலையில் எனக்கு எல்லாமே தெரிந்தது.

மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே துளையின் மேல் கவிழ்த்து வைத்தார். மூடி அங்கே நிற்கவில்லை, தடதடவென்று ஆடிக் கீழே விழுந்தது. துளையிலிருந்து புகை விட்டுவிட்டு வந்தது. "ரிங் போயிடுச்சுண்ணே." பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் வளையத்தைச் சொல்கிறார். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களிலிருந்து மீதி டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாய்களைத் தனித்தனி பாட்டில்களில் விட்டுப் பார்த்தார், ஒரு பாட்டில் மட்டும் மளமளவென்று நிரம்பியது, அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது என்று அர்த்தம். அடியில் புதுக் கருப்புப் பெயின்ட். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் சேஸிலிருந்து துரு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. கிளட்ச் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்து ஓரத்தில் இரும்பு தெரிகிறது. 1,28,000-மாம்!

பிறகு ஆரம்பித்தது போன் கூத்து. முதலில் "உங்க கவலை புரியுது சார்". அடுத்து, வாரன்ட்டி இன்ஜினுக்கு உண்டு, தேய்மானத்துக்குக் கிடையாது. பிஸ்டன் ரிங் இன்ஜினுக்குள் இல்லாமல் டிக்கியிலா இருக்கிறது? அப்புறம் வேறொருவர் வந்து, பரிசோதனை என்றால் கண்ணால் பார்ப்பது மட்டும்தான் என்றார். கடைசியாக "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்". என் புகாருக்கு நேரே இப்போது 'தீர்க்கப்பட்டது' என்று நிற்கிறது. யாருக்குத் தீர்ந்ததோ! 3 லட்சத்து 40 ஆயிரம் தீர்ந்தது எனக்குத்தான்.

விலை போட்ட லட்சணத்தையும் சொல்ல வேண்டும். வருடத்தையும் கிலோமீட்டரையும் வைத்து ஒரு 'சந்தை மதிப்பு' காட்டினார்கள். பழைய டீசலுக்கு அந்தக் கணக்கு உதவாது. அடுத்து எதற்குச் செலவு நிற்கிறது என்பதுதான் விலை: இன்ஜெக்டர், பம்ப், டர்போ, கிளட்ச். ஒழுங்காக ஆயில் மாற்றிய பில்லோடு 3 லட்சம் கி.மீ. ஓடிய வண்டி, பில்லே இல்லாத குறைந்த கிலோமீட்டர் வண்டியைவிட மேல். எனக்கு இன்ஜின் வேலைக்குச் சொல்லியிருக்கும் தொகை கொடுத்த விலையில் பாதியைத் தாண்டுகிறது.

பார்க்க வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் திரும்பி வந்துவிட்டு வேறொரு நாள் சொல்லாமல் போங்கள். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட்டில் எண்ணெய் மிதந்தால் அந்த வண்டி வேண்டாம். அடியில் புதுப் பெயின்ட் இருந்தால் சுரண்டிப் பார்க்க விடச் சொல்லுங்கள், விடாவிட்டால் கிளம்புங்கள். மெக்கானிக் உங்கள் ஆளாக இருக்கட்டும், அவர் பார்க்கும்வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.