தானாகக் கோடு போடும் போர்டு: மூன்று வருட வகுப்பறை அனுபவம்

போன வியாழக்கிழமை சர்வீஸுக்கு வந்த தம்பி, எங்கள் எட்டாம் வகுப்பு ஸ்மார்ட் பேனலின் (பாடம் நடத்தச் சுவரில் மாட்டும் பெரிய தொடுதிரை) கீழ்ச்சட்டத்தைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு ஏ4 தாளில் தட்டிக் காட்டினார். பழுப்பும் வெள்ளையும் கலந்து, பிசைந்து காயவைத்த மாவு மாதிரி நீளமான ஒரு பட்டை. "பாதி சாக்பீஸ் மேடம், பாதி ரோடு" என்றார்.

அன்று சாயங்காலமே பி.எட்.டில் என்னோடு படித்த தோழியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "ஏண்டி, எங்க ஸ்கூலுக்குப் பழைய ஸ்டூடண்ட்ஸ் ஸ்மார்ட் பேனல் வாங்கித் தர்றாங்களாம். 65 இன்ச் சொல்லட்டுமா, 75 சொல்லட்டுமா?" அவள் பள்ளி வடசென்னையில், திருவொற்றியூர். பேசினால் அரை மணி நேரம் ஆகும். அவளுக்கும், இதே கேள்வியோடு இருக்கும் மற்ற டீச்சர்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியும் அதே வடசென்னையில், தண்டையார்பேட்டையில் இருக்கிறது. வகுப்பு தரைத்தளம். ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும். கடல் நடக்கிற தூரம். 2022 ஜூனில் 75 இன்ச் பேனலைக் கரும்பலகையின் நடுவில், இரண்டு பக்கமும் எழுத இடம் விட்டு மாட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது என்பது இப்போது புரிகிறது.

படத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மத்தியான வெயிலிலும் கடைசி பெஞ்சுக்குத் தெளிவாகத் தெரியும். சத்தமும் போதும். குறை, தொடுதிரையில்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் திரையின் இடது கீழ் மூலையில் யாரும் தொடாமலே ஒரு கோடு விழ ஆரம்பித்தது. "மிஸ், அது தன்னால கோடு போடுது மிஸ்" என்று பிள்ளைகள்தான் முதலில் சொன்னார்கள். அழித்தால் மறுபடி விழும். பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடுக்குக் கீழே இருக்கும் ஆறெழுத்துக் குறியீட்டை, டிஜிட்டல் பாடங்கள் இருக்கும் அரசுத் தளமான தீக்‌ஷாவில் அடிக்கப் போனால், நான் ஒரு எழுத்து அடிப்பேன், அது ஒரு எழுத்து அடிக்கும். ஏழு, எட்டு தடவை அடித்துவிட்டு, விட்டுவிட்ட நாட்கள் உண்டு. 40 நிமிட பீரியடில் பத்து நிமிடம் இப்படிப் போனால் மனசு எவ்வளவு எரியும் என்று டீச்சர்களுக்குத் தெரியும்.

காரணத்தை அந்தத் தம்பிதான் பொறுமையாக விளக்கினார். நம் போனில் கண்ணாடியே விரலை உணரும். இந்த மாதிரி பேனல்களில் கண்ணாடிக்கு அந்த வேலையே இல்லை. நான்கு பக்கச் சட்டத்துக்குள்ளும் அகச்சிவப்பு விளக்குகளும், எதிர்ப்பக்கம் அதை வாங்கும் சென்சார்களும் வரிசையாக இருக்கின்றன. திரைக்கு ஒரு நூல் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் வலை. விரல் எந்தக் கதிரை மறைக்கிறதோ, அங்கே தொட்டதாகக் கணக்கு. அதனால்தான் ஸ்கேல் முனையால் தொட்டாலும் எழுதும், துப்பட்டா நுனி பட்டாலும் எழுதும், ஈ உட்கார்ந்தாலும் எழுதும். சட்டத்தின் ஓரத்தில் தூசி படிந்தால், அதுவும் ஒரு விரல். ஜன்னல் வெயில் நேராகச் சென்சாரில் அடித்தாலும் குழம்பும்.

கரும்பலகைக்கு நடுவில் மாட்டினால் டஸ்டர் தட்டுகிற தூளெல்லாம் எங்கே இறங்கும்? கீழ்ச்சட்டத்தில். உப்புக்காற்றில் அது ஈரம் குடித்துப் பசையாகி ஒட்டிக்கொள்கிறது. இதை மாட்டும்போது ஒருவர்கூடச் சொல்லவில்லை. வாரன்டி முடிகிறதற்கு முன்பே மூன்று தடவை புகார் கொடுத்தோம். மூன்று தடவையும் "ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்பதுதான் பதில். இப்போது வாரன்டி முடிந்த பிறகு, "தூசியால் வரும் பழுது அதில் சேராது" என்கிறார்கள். பில்லை நாங்கள் ஆறு டீச்சர்கள் பிரித்துக்கொண்டோம்.

இந்தக் கோபத்துக்கு இன்னொரு நாளும் காரணம். 2023 ஆகஸ்ட் 23. சந்திரயான்-3 இறங்கும் சாயங்காலம். விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநர் என்பதைக் காலையிலேயே பிரேயரில் சொல்லியிருந்தோம். பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை. அம்மாக்கள் சிலர் இடுப்பில் குழந்தையோடு வந்து சுவரோரம் நின்றார்கள். 5.44 வாக்கில் லேண்டர் கீழே இறங்க ஆரம்பித்தது. நேரலையில் லேண்டரின் பாதையைக் காட்டிய பச்சைக் கோடு சரிந்து வருவதைப் பார்த்து வகுப்பே மூச்சடக்கி உட்கார்ந்திருந்தபோது, பேனல் தானாகத் தன்னையே தொட்டு நேரலையை மூடிவிட்டது. திறந்தேன், மூடியது. திறந்தேன், மூடியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரிமோட்டில் தொடுதலை முடக்கிவைக்கும் டச் லாக் என்று ஒரு பட்டன் இருப்பது ஞாபகம் வந்தது. ரிமோட் ஹெச்.எம். அறை பீரோவில். ஒரு பையன் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். 6.04-க்கு நிலவில் இறங்கியதைப் பார்த்துவிட்டோம். ஆனால் நடுவில் போன அந்த நிமிடங்களுக்காக நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நியாயமாக நல்லதையும் சொல்ல வேண்டும். தொடுதிரை ஒழுங்காக இருந்த வாரங்களில் மின்சுற்றுப் பாடத்தை கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) சிமுலேஷனில், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனையில், நடத்தினேன். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது அது. காசு கிடையாது, பல சிமுலேஷன்கள் தமிழிலேயே இருக்கின்றன. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து விரலால் ஒயரை இழுத்து பல்பை எரிய வைத்தார்கள். நிஜ ஒயரில் செய்யப் பயப்படும் தப்புகளை எல்லாம் அங்கே தைரியமாகச் செய்தார்கள்.

ஆனால் என் வகுப்பை மாற்றியது பேனலோடு இலவசமாக வந்த ஒரு சின்ன டாக்குமென்ட் கேமரா. கழுத்தை வளைக்கும் டேபிள் லேம்ப் மாதிரி இருக்கும்; கீழே வைப்பதைத் திரையில் பெரிதாகக் காட்டும். ஒரு வருடம் பெட்டியிலேயே கிடந்தது.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்த அடுத்த வாரம், காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவன் இரண்டு மத்தி மீனும் ஒரு வஞ்சரத் தலையும் வாழை இலையில் கட்டிக் கொண்டுவந்தான். சுவாச உறுப்புகள் நடத்துகிறேன் என்று முந்தின நாள் சொல்லியிருந்தேன். வகுப்பில் வாயே திறக்காத பையன். கேமராவுக்குக் கீழே வைத்து, கட்டைவிரலால் செவுள் மூடியைத் தூக்கினான். திரை முழுக்க ரத்தச் சிவப்பு. "இப்டி இருந்தா இன்னிக்கு மீனு. காப்பிக் கலர்ல இருந்தா வாங்காதீங்க மிஸ்" என்றான். மத்தியின் செவுளுக்கு உட்பக்கம் சீப்புப் பல் போல நெருக்கமாக, மெல்லிசாக முள் வரிசை தெரிந்தது. வஞ்சரத்தில் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டை முட்கள். ஏன் என்று வகுப்பைக் கேட்டேன். அவனே யோசித்துச் சொன்னான்: "வஞ்சரம் மீனத் துரத்திப் புடிச்சி முழுங்கும் மிஸ். மத்தி பொடிசா வடிகட்டித் துன்னும்." அதேதான் பதில். தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சலித்துத் தின்ன மத்திக்கு அந்தச் சீப்பு வேண்டும். அன்று பாடம் நடத்தியது அவன். ஐம்பது பேரும் அந்தச் செவுளைப் பார்த்தது அந்தச் சின்ன கேமராவால்.

அதற்குப் பிறகு தினமும் யாருடைய நோட்டாவது அதற்குக் கீழே வரும். கணக்கு எங்கே பிசகியது என்பதைப் பிள்ளைகளே பென்சில் முனையால் காட்டுகிறார்கள். அதற்குத் தொடுதிரை தேவையே இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, வாங்கலாமா என்றால், வேண்டாம்டி. உன் பள்ளி எங்களைவிடக் கடலுக்குப் பக்கம், ரோடும் மோசம். சாதாரண டிவியில் இல்லாத எந்தத் தொடுதிரைக்காகப் பேனல் வாங்குகிறோமோ, அதுதான் முதலில் கெடுகிறது. அதே பணத்தில் இரண்டு வகுப்புக்குச் சாதாரண டிவியும் வகுப்புக்கொரு டாக்குமென்ட் கேமராவும் கேள். நாளைக்கு எங்கள் போர்டு ஒரு மாதம் ஒழுங்காக ஓடினால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ. இன்றைக்கு இதுதான் என் பதில்.

பழைய மாணவர்கள் ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டார்கள் என்றால், கரும்பலகையிலிருந்து தள்ளி, ஜன்னலுக்கு நேரில்லாத சுவரில் மாட்டச் சொல். தொடுசட்டத்தில் தூசியால் வரும் பழுது வாரன்டியில் உண்டா என்று எழுத்தில் வாங்கு. வாரம் ஒரு முறை, மெயினை அணைத்துவிட்டு, உலர்ந்த மென்துணியால் சட்டத்தின் உள்விளிம்பைத் துடை. தண்ணீர் படக் கூடாது. ரிமோட் வகுப்பு மேஜை டிராயரில் இருக்கட்டும்.

65-ஆ 75-ஆ என்று கேட்டாயே, உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து டிவி மாட்டப்போகும் சுவர் வரை டேப் வைத்து அளந்து அனுப்பு. டிவி சைஸ் சொல்கிறேன்.