டாப், எச்டாப், பிடாப், ஏடாப்: மாமா கடை சர்வருக்கு எது?

மதுரை கீழமாசி வீதியில் மாமாவுக்கு மொத்த மளிகைக் கடை. பில்லிங் டேட்டாபேஸ் ஓடுவது உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட ஒரு பழைய கணினியில். 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். "மாப்ள, சிஸ்டம் திரும்ப ஸ்டக்காயிருச்சு" என்று காலையில் போன் வரும். திருமங்கலத்திலிருந்து நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். சரி, கணினிக்குள் என்ன ஓடுகிறது என்று காட்டும் இந்த நாலு கருவிகளில் எதைப் போட்டுப் பிடிப்பது?

டாப் லினக்ஸோடே வருவது. பார்க்க வறட்சியாக இருக்கும். ஆனால் மேலே சிபியு வரியில் 'டபிள்யூஏ' என்று ஒரு எண் உண்டு. சிபியு சும்மா உட்கார்ந்து டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம் அது. அது ஏறினால் லோடு ஆவரேஜும், அதாவது வரிசையில் நிற்கும் வேலைகளின் சராசரியும், ஏறும், சிபியுவோ வேலையில்லாமல் கிடக்கும். பலர் குழம்புவது இங்கேதான்.

எச்டாப்பை உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட்டில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எச்டாப்' என்று ஒரே வரியில் போட்டுவிடலாம். எஃப்4 தட்டிப் பெயரால் வடிகட்டலாம். எஃப்5 தட்டினால் எந்த புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எதைக் கிளப்பியது என்று மரமாகக் காட்டும். எஃப்9 நிறுத்துவதற்கு. தட்டியதும் தேர்வாகி நிற்பது 15ஆம் சிக்னல், நிரலை மரியாதையாகப் போகச் சொல்வது. 9 கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது, டேட்டாபேஸ் மேல் அதை மட்டும் ஏவிவிடாதீர்கள். தினசரி கைக்கு எனக்கு இதுதான். ஒரே குறை, அந்த 'டபிள்யூஏ' கணக்கு தானாகத் தெரியாது. எஃப்2 அமைப்புக்குள் போய் இயக்க வேண்டும்.

பிடாப் அழகு. டிஸ்க், நெட்வொர்க் எல்லாம் ஒரே திரையில் வரைபடமாக ஓடும். உபுண்டு 22.04 முதல் ஆப்ட்டிலேயே கிடைக்கிறது. "இதென்ன மாப்ள, ஐசியு மானிட்டர் மாதிரி" என்றார் மாமா.

ஆனால் மூன்றும் நடக்கிறதைத்தான் காட்டும். நடந்து முடிந்ததை அல்ல. நான் போய்ச் சேர்வதற்குள் ஓய்ந்துவிடும் கோளாறுக்கு ஏடாப்தான் ஆள். நிறுவியதும் பின்னணியில் உட்கார்ந்து, வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை லாக்கில் எழுதிக்கொண்டே இருக்கும். 'ஏடாப் -ஆர்' என்று திறந்து, சின்ன 'டி' தட்டினால் முன்னே, பெரிய 'டி' தட்டினால் பின்னே. திரை நெரிசல்தான், பழக நாலு நாள் ஆகும்.

மறுநாள் திறந்து பார்த்தேன். 4 மணிக்கு டிஸ்க் வரி சிவப்பு. கீழே பேக்கப் எடுக்கிற 'டார்' நிரல். விடிகாலை 4 மணிக்குக் கடையில் யார் பில் போடுகிறார்கள்? அப்புறம்தான் உறைத்தது, சர்வர் கடிகாரம் யூடிசியில், அதாவது நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும் உலகப் பொது நேரத்தில், இருக்கிறது. பில்லில் நேரம் அச்சாவது கவுன்டர் கணினியிலிருந்து என்பதால் யாரும் கவனிக்கவில்லை. அங்கே 4 மணி என்றால் நமக்குக் காலை 9:30, சரக்கு இறங்கி வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். பேக்கப்பை 4 மணிக்குத் தானாக ஓடச் சொல்லும் அந்த கிரான் வரியை எழுதியவன் நான்தான்.

மாமாவிடம் டிஸ்க் பழசு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.