கழிச்சல் கண்ட புட்டிப்பால் குட்டி: பாலை நிறுத்துவதா, தொடர்வதா?

தாயை இழந்த ஆட்டுக்குட்டியோ, மூன்று போட்டதில் ஒதுக்கப்பட்ட குட்டியோ, புட்டிப்பாலில் வளரும்போது கழிச்சல் கண்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ஒரு சாரார் இரண்டு நாளைக்குப் பாலையே காட்டாமல் ஓஆர்எஸ் கரைசலை மட்டும் கொடுக்கச் சொல்வார்கள். இன்னொரு சாரார் பாலையும் கரைசலையும் இடைவெளி விட்டு மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்வார்கள். எங்கள் பட்டியில் இரண்டாவது வழியைத்தான் கடைப்பிடிக்கிறோம். இங்கே எழுதுவது மூன்று வாரத்துக்குட்பட்ட குட்டிகளைப் பற்றி. அதற்கு மேற்பட்ட வயதில் ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியான காக்சிடியாவின் கைதான் ஓங்கியிருக்கும். அங்கே பால் கேள்வியை விடச் சாணப் பரிசோதனையும் மருந்தும் முக்கியம்.

குட்டியைத் தனியே பிரிப்பது, ஈரம் படாமல் சாக்கு விரிப்பது, புட்டியையும் நிப்பிளையும் ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவுவது ஆகியவை இரண்டு வழிக்கும் பொது.

பாலை நிறுத்தச் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ரோட்டா வைரஸ் போன்றவை குடலின் உள்சுவரை அரிக்கும்போது பால்சர்க்கரையைச் செரிக்கும் நொதியும் குறைந்துபோகும். செரிக்காத சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறும். பாலை நிறுத்தினால் அன்று மாலையே கழிச்சல் குறைந்த மாதிரித் தெரியும். ஆனால் உள்ளே எதுவும் போகாததால் வெளியே வருவதும் குறைகிறது, அவ்வளவுதான். புண்பட்ட குடல் ஆறுவதற்கும் தீனி வேண்டும்.

எங்களுக்கு இதை முடிவு செய்தது தெம்புக் கணக்கு. 2 கிலோ குட்டி ஒரு நாளைக்கு உடல் எடையில் 15 சதவீதம், அதாவது 300 மில்லி ஆட்டுப்பால் குடித்தால் கிட்டத்தட்ட 200 கலோரி கிடைக்கும். ஓஆர்எஸ் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. அதே 300 மில்லி கரைசல் தருவது 16 கலோரி. தண்ணீரும் உப்பும் ஈடாகிவிடும், ஆனால் குட்டி பட்டினி கிடக்கும். பிறந்த குட்டியின் உடம்பில் சேமிப்புக் கொழுப்பு மிகக் குறைவு, இருப்பதும் முதல் சில நாளிலேயே கரைந்துவிடும். பாலில்லாமல் ஒரு இரவு கடந்தால் விடியற்காலையில் காது சில்லிட்டு, வாய்க்குள் விரலை விட்டால் குளிர்ந்து, சப்பாமல் கிடக்கும். மார்கழி, தைப் பனியில் இது இன்னும் வேகமாக நடக்கும். கழிச்சல் நின்றும் குட்டி சாகிறதே என்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் பாலைத் தொடர்ந்தவர்களுக்கும் ஏன் கழிச்சல் கூடுகிறது? பெரும்பாலும் இடைவெளி விடாததால்தான். ஆட்டுக்குட்டியின் நான்காவது இரைப்பையில் பால் முதலில் திரிந்து கட்டியாக வேண்டும். அந்தக் கட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து குடலுக்குப் போகும். ஓஆர்எஸ்ஸில் உள்ள சிட்ரேட் பாலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சோடா உப்பு சேர்ந்த கால்நடைக் கரைசல்கள் இரைப்பையின் புளிப்பைக் குறைத்துவிடும். இரண்டிலுமே பால் சரியாகத் திரியாது, அப்படியே குடலுக்குள் இறங்கிக் கழிச்சலைக் கூட்டும். பழி பாலின் மேல் விழும். அதனால் வேலை மிச்சம் என்று கரைசலைப் பாலோடு கலக்கவே கூடாது. இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரம் இருக்கட்டும். அசிடேட் சேர்ந்த கால்நடைக் கரைசல் கிடைத்தால் அது பால் திரிவதைக் கெடுப்பதில்லை.

2 கிலோ குட்டிக்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இது. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10, நள்ளிரவு 2 என்று ஆறு வேளை, வேளைக்கு 50 மில்லி பால். நடுவில் காலை 8, 12, மாலை 4, இரவு 8 என நான்கு முறை 60 மில்லி கரைசல். பாலின் மொத்த அளவு குறையவில்லை, ஒரே மூச்சில் போவதுதான் குறைகிறது. தண்ணீராகவே பீய்ச்சும் குட்டிக்கு வேளைக்கு 40 மில்லியாகக் குறைத்து ஒரு நாள் பார்க்கலாம். இதில் எல்லாக் குட்டிக்கும் ஒரே அளவு எடுபடுவதில்லை. பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றுவது வேண்டாம். அது சரியாகத் திரியவும் செய்யாது, தெம்பும் பாதியாகிவிடும்.

பால் 38, 39 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கட்டும். ஒரு வேளை சூடாகவும் மறு வேளை ஆறியும் கொடுப்பதே பல குட்டிகளுக்குக் கழிச்சலின் தொடக்கம். குட்டி நின்றபடி, தாய் மடியில் குடிக்கிற மாதிரிக் கழுத்தை நீட்டிக் குடிக்க வேண்டும். புட்டியைக் கவிழ்த்தால் நிப்பிளிலிருந்து சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது. வாயைப் பிளந்து ஊற்றினால் பால் முதல் இரைப்பைக்குப் போய்ப் புளிக்கும், புரையேறினால் நுரையீரலுக்கும் போகும்.

கரைசலைப் பற்றி ஒன்று. மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலம் முழுவதையும் 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிட வேண்டும். கண்ணளவில் பாதிப் பொடி, கால் டம்ளர் நீர் என்று கெட்டியாகக் கலந்தால் குடலே தண்ணீரை இழக்கும். வீட்டுச் சீனியும் உப்பும் கலந்த கரைசல் மனிதக் குழந்தைக்குச் சரி. குட்டிக்கு ஆகாது. சீனியையோ வெல்லத்தையோ உடைக்கும் நொதி இளம் குட்டியின் குடலில் இல்லை, செரிக்காமல் போய்க் கழிச்சலைக் கூட்டும். அரிசிக் கஞ்சிக்கும் இந்த வயதில் ஏறக்குறைய அதே கதிதான். இளநீரில் சோடியம் மிகக் குறைவு, பொட்டாசியம் அதிகம். அதை நம்பி இருக்க முடியாது.

பாலை நிறுத்தியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. 3 முதல் 10 நாள் குட்டி, கழிச்சலே இல்லாமல் குடித்தவன் மாதிரித் தள்ளாடித் துவண்டு விழுந்தால் அது பால் புளித்து ரத்தத்தில் அமிலம் ஏறிய நிலை. அங்கே பால்தான் நஞ்சு. ஒரு நாள், ஒன்றரை நாள் பாலை நிறுத்தி, 2.5 முதல் 3 கிராம் சமையல் சோடாவை நீரில் கரைத்துக் கொடுப்பார்கள். விழுங்கத் தெம்பில்லாவிட்டால் வாயில் ஊற்றக் கூடாது, மருத்துவர் கைக்கே விட வேண்டும். வயிறு உப்பித் தட்டினால் மேளம் போல் ஒலிக்கும் குட்டிக்கும் பால் கூடாது. ஆசனவாய் வெப்பம் 100 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால், முதலில் சூடு. அது ஏறாமல் பால் கொடுத்தால் செரிக்காமல் தேங்கும்.

கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் 2 நொடிக்கு மேல் கூடாரமாய் நின்றாலோ, கண் குழிந்து சப்பும் உணர்வு போயிருந்தாலோ, சாணத்தில் ரத்தம் கண்டாலோ புட்டியில் தீராது. அந்தக் குட்டிக்கு ஊசி வழிதான் நீர் ஏற்ற வேண்டும். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

எந்த வழியில் போனாலும் தினமும் காலை முதல் பாலுக்கு முன் தொங்கு தராசில் எடை பாருங்கள். 2 கிலோ குட்டி ஒரே இரவில் 100 கிராம் இறங்கினால், அது 5 சதவீத நீரிழப்பு. அன்று பாலைக் கூட்ட வேண்டாம், நள்ளிரவு 12 மணிக்கு இன்னொரு வேளை கரைசலைச் சேருங்கள்.