ஜாவா மெத்தட் தரும் விடையைக் கமுண்டா எப்படி வாங்கிக்கொள்கிறது: கூடவே உழைத்தவனின் மதிப்புரை

கடன் விண்ணப்பம் ஒன்றைப் பார்த்து மதிப்பெண் போடும் சின்ன ஜாவா மெத்தட் எழுதுகிறீர்கள். உள்ளே விண்ணப்ப எண், வெளியே 640 என்று ஒரு முழு எண். சாதாரண நிரலில் இது ஒரே வரி: கூப்பிட்டு, வந்ததை ஒரு மாறியில் போட்டால் முடிந்தது. இதையே ஒர்க்ஃப்ளோ இன்ஜினுக்குள் (வரைந்து வைத்த படத்தின்படி வேலைகளைப் படிப்படியாக ஓட்டும் மென்பொருள்) கொண்டுபோய் வைத்து, அந்த 640ஐப் பார்த்து மேனேஜரிடம் போவதா நேரே ஒப்புதலா என்று அடுத்த கேட்வே, அதாவது படத்தில் பாதை பிரியும் இடம், முடிவெடுக்க வேண்டும் என்றால், அங்கேதான் பலரும் இரண்டு நாள் உட்கார்ந்துவிடுகிறோம். நான் அப்படிப்பட்ட இன்ஜினான கமுண்டாவின் 7ஆம் பதிப்பில் சில வருடம், பிறகு 8இல் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன். அதனால் இந்த ஒரு கோணத்தில் மட்டும் எழுதுகிறேன், படம் வரையும் கருவி அழகாக இருக்கிறதா என்பதையெல்லாம் வேறு யாராவது எழுதட்டும்.

பின்கதை சுருக்கமாக. கமுண்டா பெர்லின் நிறுவனம். 2013இல் ஆக்டிவிட்டி என்ற திறமூல இன்ஜினிலிருந்து கிளை பிரித்துத் தனியாக வந்தார்கள். அதே ஆக்டிவிட்டியிலிருந்து 2016இல் ஃப்ளோவபிளும் பிரிந்தது. பங்காளிகள் மாதிரிதான், மூன்றிலும் சர்வீஸ் டாஸ்க் (படத்தில் நம் நிரலை ஓட்டும் படி) எழுதும் முறை ஏறக்குறைய ஒன்று. ஆகவே இங்கே சொல்வதில் பாதி அந்த இரண்டுக்கும் பொருந்தும்.

7இல் முதலில் எல்லோரும் கற்றுக்கொள்வது ஜாவாடெலிகேட், இன்ஜின் கூப்பிடுவதற்காக நாம் எழுதும் வகுப்புக்கான அச்சு. அதில் எக்ஸிக்யூட் என்று ஒரே ஒரு மெத்தட், அதன் ரிட்டர்ன் டைப் வாய்ட். ஆமாம், அது எதையுமே திருப்பித் தராது. விடை வேண்டுமென்றால் கையில் கொடுக்கப்பட்ட எக்ஸிக்யூஷன் பொருளில் செட்வேரியபிள் கூப்பிட்டு, "மதிப்பெண்" என்று பெயர் போட்டு நாமே எழுத வேண்டும். ஜாவாவில் வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் உறுத்தும், ஏனென்றால் மெத்தட்டின் தலைப்பு வரியை (சிக்னேச்சர்) பார்த்தால் அது என்ன வாங்குகிறது, என்ன தருகிறது என்று ஒன்றுமே தெரியாது, உள்ளே திறந்து படித்தால்தான் தெரியும். கேட்வேயில் ஒருவர் எழுதிய பெயரும் டெலிகேட்டில் இன்னொருவர் எழுதிய பெயரும் ஒரு எழுத்து மாறினாலும் கம்பைலர் வாயைத் திறக்காது. ஓடும்போதுதான் அப்படி ஒரு பெயரே தெரியாது என்று பிழை வரும்.

இதற்கு மாற்று அதே தயாரிப்பில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது: எக்ஸ்பிரஷன். சர்வீஸ் டாஸ்க்கில் டெலிகேட்டுக்குப் பதிலாக, ஸ்பிரிங் பீனின் (ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பு உருவாக்கி வைக்கும் பொருள்) மெத்தட்டை நேரே கூப்பிடும்படி எழுதலாம், விண்ணப்ப எண்ணையும் அங்கேயே அளவுருவாகக் கொடுக்கலாம், ரிசல்ட் வேரியபிள் என்ற கட்டத்தில் "மதிப்பெண்" என்று ஒரு பெயர் போட்டால் மெத்தட் தந்தது அப்படியே அந்தப் பெயரில் ப்ராசஸ் மாறியாகிவிடும், அதாவது அந்த ஓட்டத்தின் எல்லாப் படிகளும் பார்க்கும் மாறி. அவ்வளவுதான். உங்கள் ஜாவா வகுப்புக்குக் கமுண்டா என்ற ஒன்று இருப்பதே தெரிய வேண்டாம், யூனிட் டெஸ்ட் எழுதுவது பச்சைத் தண்ணீர் குடிப்பது மாதிரி. இவ்வளவு நல்ல வசதியை ஏன் பலர் தொடுவதில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை, எடுத்துக்காட்டு நிரல்களில் எல்லாம் டெலிகேட்டே கண்ணில் படுவதால் இருக்கலாம்.

ஆனால் இங்கே ஒரு குழி. படம் வரையும் மாடலரில் எக்ஸ்பிரஷன், டெலிகேட் எக்ஸ்பிரஷன் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும், இரண்டாவது டெலிகேட் பீனை ஓட்டுவதற்கு. ரிசல்ட் வேரியபிள் முதலாவதோடு மட்டும்தான் சேரும். நான் ஒருமுறை அவசரத்தில் டெலிகேட் பீனின் பெயரை முதலாவதில் போட்டுவிட்டேன். பிழை ஒன்றும் வரவில்லை, டாஸ்க் பச்சையாகக் கடந்தது, ஆனால் உள்ளே இருந்த நிரல் ஓடவே இல்லை. இன்ஜினைப் பொறுத்தவரை நான் கேட்டது அந்தப் பீன் என்ன என்பதை மட்டும்தான், அதை ஓட்டு என்று நான் சொல்லவில்லையே. தப்பு என்னுடையதுதான். லாகில் ஒரு வரிகூட இல்லாததால் அதைக் கண்டுபிடிக்க மதியச் சாப்பாடு போனது.

அடுத்து, விடை என்ன வகை என்பது. எண், உண்மை/பொய், சின்ன எழுத்துச்சரம் என்றால் கவலையே இல்லை. எழுத்துச்சரம் 4000 எழுத்தைத் தாண்டினால் டேட்டாபேஸ் நெடுவரிசை ஏற்காது. வேறொரு சேவையிலிருந்து வந்த நீளமான ஜேசனை (தரவை எழுத்தாக எழுதும் வடிவம்) அப்படியே எழுத்துச்சரமாகத் திருப்பித் தருபவர்கள் இங்கே கட்டாயம் முட்டிக்கொள்வார்கள். ஸ்பின் என்ற துணை நூலகத்தைச் சேர்த்து ஜேசன் வகையாகவே கொடுத்தால் அது பைட்டுகளாக வேறு அட்டவணைக்குப் போய்விடும், இந்தத் தொல்லை இல்லை. சொந்த வகுப்பின் பொருளைத் திருப்பித் தந்தால் அதன் முழு வகுப்புப் பெயரும் சேர்ந்து சேமிக்கப்படும் என்பதை மறக்காதீர்கள். நான் ஒரு நாள் பேக்கேஜ் பெயரைச் சுத்தம் செய்கிறேன் என்று மாற்றி வைத்தேன். அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த பழைய விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாக அந்த மாறியைத் திறக்க முடியாமல் நின்றன. அதிலிருந்து ப்ராசஸுக்குள் நான் எண்ணையும் அடையாளத்தையும் மட்டும்தான் அனுப்புகிறேன், மற்றதெல்லாம் சொந்த டேட்டாபேஸில் இருக்கட்டும்.

ஒரே வேலையைப் பலமுறை சுற்றும் மல்ட்டி இன்ஸ்டன்ஸ் இருந்தால் 7 கொஞ்சம் படுத்தும். மூன்று உத்தரவாததாரர்களுக்கு மூன்று முறை மெத்தட் ஓடுகிறது, மூன்றும் ஒரே பெயரில் விடை எழுதுகின்றன, கடைசியில் எழுதியது மட்டும் மிஞ்சும். விடையை வேறு பெயருக்கு மாற்றி வைக்கும் அவுட்புட் மேப்பிங்கும் அங்கே கிடையாது, பட்டியலில் சேர்க்கும் வேலையை நாமே கையால் செய்ய வேண்டும்.

தோல்வியையும் ஒரு விடையாகத்தான் பார்க்கிறேன். மெத்தட் பொய் என்று திருப்பித் தருவதா, விதிவிலக்கை (எக்ஸெப்ஷன்) வீசுவதா? 7இல் பிபிஎம்என் எரர் (பிபிஎம்என் என்பது இந்தப் படங்களை வரையும் குறியீட்டு முறை) என்ற தனி விதிவிலக்கை வீசினால் அது படத்தில் டாஸ்க்கின் ஓரத்தில் வரைந்த எல்லை நிகழ்வுக்குப் போய்ச் சேரும், வாடிக்கையாளர் பட்டியலில் இல்லை என்பது போன்ற வணிகக் காரணங்களுக்கு அதுதான் சரி. வேறு எந்த விதிவிலக்கானாலும் முந்தைய சேமிப்புப் புள்ளி வரை எல்லாம் பின்வாங்கும், நடுவில் எழுதிய மாறிகளும் சேர்ந்து போகும். அனுப்பிய மின்னஞ்சல் மட்டும் திரும்பி வராது. ஆகவே வெளியே கை நீட்டும் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் முன்னால் அசிங்க் பிஃபோர் போட்டுவிடுங்கள், அது அங்கே ஒரு சேமிப்புப் புள்ளியை வைக்கும். அப்போது இன்ஜின் தானாகவே மூன்று முறை முயன்று, அப்புறமும் முடியாவிட்டால் இன்சிடென்ட் என்று காக்பிட் என்ற கண்காணிப்புத் திரையில் சிவப்பாகக் காட்டும். இந்தக் காக்பிட்டை மனதாரப் பாராட்டுவேன், எந்த மாறியில் என்ன விடை இருக்கிறது என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கலாம், திருத்தலாம். முடிந்துபோனவற்றின் வரலாற்றைப் பார்ப்பது மட்டும் காசு கட்டும் பதிப்பில்.

சரி, 8க்கு வருவோம். 2022 ஏப்ரலில் வந்தது, உள்ளே இருப்பது ஸீபி என்ற முழுக்க வேறு இன்ஜின். உங்கள் நிரல் இன்ஜினுக்குள் ஓடாது, வெளியே தனியாக ஓடி வேலையைக் கேட்டு வாங்கும், அதற்கு வொர்க்கர் என்று பெயர். ஸ்பிரிங்கில் ஒரு மெத்தட்டின் தலையில் ஜாப்வொர்க்கர் என்ற குறிப்பை ஒட்டினால் போதும். அது ஒரு மேப்பையோ (பெயரும் மதிப்பும் ஜோடியாக இருக்கும் தொகுப்பு) பொருளையோ திருப்பித் தந்தால் அதுவே ஜேசனாக மாறி ப்ராசஸ் மாறிகளில் சேர்ந்து, வேலையும் முடிந்ததாகக் குறிக்கப்படும். மெத்தட் தருவதுதான் விடை என்ற எளிய விஷயத்துக்கு இங்கே முதலிடம் கொடுத்திருக்கிறார்கள். மல்ட்டி இன்ஸ்டன்ஸுக்கும் அவுட்புட் கலெக்ஷன் என்று தனிக் கட்டம் உண்டு, மூன்று விடையும் வரிசையாகப் பட்டியலில் வந்து உட்காரும். முதல்முறை பார்த்தபோது கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

விலையும் இருக்கிறது, இரண்டு விதமாக. ஒன்று, உங்கள் டேட்டாபேஸ் பரிவர்த்தனையும் இன்ஜினும் இனி ஒன்றல்ல. வொர்க்கர் வேலையை முடித்து, அதைச் சொல்வதற்குள் நேரம் கடந்துவிட்டால் அதே வேலை இன்னொரு முறை கொடுக்கப்படும். ஆக, மெத்தட் இரண்டு முறை ஓடினாலும் ஒரே விடை வரும்படி எழுதியாக வேண்டும், பணம் எடுக்கும் மெத்தட் என்றால் இதை நினைத்துத் தூக்கம் போகும். இன்னொன்று நிஜமான விலை: 2024 அக்டோபரில் வந்த 8.6 முதல், சொந்த சர்வரில் நிஜப் பயன்பாட்டில் (புரொடக்ஷன்) ஓட்டவும் உரிமம் வாங்க வேண்டும். 7இன் இலவசப் பதிப்போ 2025 அக்டோபரில் வந்த 7.24ஓடு நின்றுவிட்டது. 7இன் பாணியையே தொடர நினைப்பவர்களுக்கு ஆப்பரேட்டன், சிஐபி செவன் என்று அதிலிருந்து பிரிந்த இரண்டு திறமூலக் கிளைகள் இருக்கின்றன. டெலிகேட் நிரலைப் பெரிதாகத் தொடாமல் மாறிக்கொள்ளலாம்.

மதிப்பெண் கேட்டால், விடையை வாங்கிக்கொள்ளும் விதத்துக்கு மட்டும் 7க்கு ஐந்தில் மூன்று, 8க்கு நான்கரை. காசையும் சேர்த்துக் கேட்டால் 8க்கு மூன்றரைதான் போடுவேன். சின்ன குழு, ஒரே ஸ்பிரிங் பூட் செயலி, எல்லாம் ஒரே டேட்டாபேஸ் என்றால் 7இன் கிளைகளில் ஒன்றை எடுத்து எக்ஸ்பிரஷன் முறையில் எழுதுங்கள். பல குழு, பல மொழி, தனித்தனிச் சேவை என்றால் 8.

எங்கள் இடத்தில் 7இலிருந்து 8க்கு மாற்றும் வேலை இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. எக்ஸ்பிரஷனில் எழுதிய பீன்களுக்குத் தலையில் ஒரு குறிப்பை ஒட்டி, விடையை ஒரு மேப்பில் சுற்றினோம், ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. உள்ளே நான்கு இடத்தில் செட்வேரியபிள் எழுதி வைத்த டெலிகேட்களைத்தான் இன்னும் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம், அதில் பாதி நானே எழுதியது.