பழைய டீசல் காருக்குத் தெர்மோஸ்டாட்: கம்பெனி பாகமா, வெளிச்சந்தைப் பாகமா, கழற்றிவிடுவதா?

இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருந்து, சூடேறியதும் திறக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். என் பழைய டீசல் காரில் அது மூடாமல் திறந்தபடியே நின்றுவிட்டதால் அதை மாற்ற வேண்டி வந்தது. திருநெல்வேலியில் விசாரித்தபோது நான்கு வழிகள் சொல்லப்பட்டன: கார்க் கம்பெனியின் பெட்டியில் வரும் பாகம், வேறு நிறுவனங்களின் பெயரில் விற்கும் வெளிச்சந்தைப் பாகம், குறைந்த வெப்பத்திலேயே திறக்கும் வால்வு, வால்வே இல்லாமல் ஓட்டுவது. நான் கம்பெனி பாகத்தையே போட்டேன். விலை கூடுதல்தான் என்றாலும், அந்த முடிவில் எனக்குத் தயக்கமில்லை.

“நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு அண்ணாச்சி, கழற்றிப் போட்டுருங்க” என்பது பட்டறைகளில் பரவலாகக் கேட்கும் யோசனை. அக்கினி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் 40 டிகிரி அடித்தாலும், 88 டிகிரியில் வால்வு திறக்குமாறு வடிவமைத்த இன்ஜினுக்கு அது குளிர்தான். ஆடி மாதத்தில் நாங்குநேரியைத் தாண்டிப் பணகுடிப் பக்கம் போனால், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று ரேடியேட்டரில் நேராக மோதி, வால்வு மூடாத காரின் டெம்பரேச்சர் முள்ளை வழக்கமான இடம்வரை ஏறவே விடாது. அப்படிக் குளிர்ந்தே ஓடும் இன்ஜினில் டீசல் முழுமையாக எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும்.

குறைந்த வெப்பத்தில் திறக்கும் வால்வைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முழுதாகத் திறந்த பிறகு 76 டிகிரி வால்வும் 88 டிகிரி வால்வும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அதற்குமேல் எவ்வளவு சூட்டை வெளியேற்ற முடியும் என்பது ரேடியேட்டர், ஃபேன், பம்ப் ஆகியவற்றைப் பொறுத்தது.

என் முடிவைத் தீர்மானித்தது வால்வின் அடியில் இருக்கும் இரண்டாவது தட்டு. எல்லா இன்ஜினிலும் அது இருக்காது. பழைய பாகத்தைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் என்னும் குறுக்குப் பாதை வழியே உள்ளுக்குள்ளேயே சுற்றி வருகிறது. வால்வுக்குள் இருக்கும் மெழுகு சூட்டில் உருகி விரிந்து மேல்தட்டைத் திறக்கும்போது, அதே அசைவில் கீழ்த்தட்டு இறங்கிப் பைபாஸை அடைக்கிறது. இந்தக் கீழ்த்தட்டின் விட்டமோ உயரமோ சில மில்லிமீட்டர் குறைந்தாலும் பைபாஸ் சரியாக அடைபடாமல், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். தூத்துக்குடிச் சாலையின் சமதரையில் இது தெரியாது. குடும்பத்தோடும் சாமான்களோடும் ஏசி போட்டுக்கொண்டு செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும்போது முள் மேலே போகும். நாமோ ரேடியேட்டரையும் பம்பையும் சந்தேகித்து, ஹெட் கேஸ்கெட் வரை செலவழிப்போம். இப்படிக் கீழ்த்தட்டுள்ள வால்வைக் கழற்றிவிட்ட இன்ஜினில் பைபாஸ் முழுக்கவே திறந்து கிடப்பதால், குளிர்ச்சிக்கென்று செய்த அந்த வேலையே மலையேற்றத்தில் சூட்டைக் கூட்டுகிறது.

கடையில் காட்டிய வெளிச்சந்தைப் பாகங்களில் ஒன்றை என் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேல்விளிம்பு அச்சாகப் பொருந்தியது, பொறித்திருந்த டிகிரியும் அதேதான். ஆனால் கீழ்த்தட்டு கண்ணுக்குத் தெரியும் அளவு சிறியது. எல்லா வெளிச்சந்தைப் பாகங்களும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கார்க் கம்பெனிகளுக்கே தெர்மோஸ்டாட் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் சொந்தப் பெயரிலும் விற்கின்றன. அவற்றில் அளவு ஒத்துப்போனால் வாங்குவதில் தவறில்லை. அவற்றை என் காரில் நீண்டகாலம் ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லாததால், உழைப்பில் கம்பெனி பாகத்துக்கு இணை என்று உறுதி கூற மாட்டேன்.

எதை வாங்கினாலும், மாட்டுவதற்கு முன் பாத்திரத்துத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டுச் சூடாக்கி, பொறித்த டிகிரிக்கு அருகில் திறக்கத் தொடங்குகிறதா, ஆறியதும் இறுக மூடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். விளிம்பில் காற்று வெளியேறச் சிறு துளை இருந்தால் அது மேல்பக்கம் வரும்படி மாட்டச் சொல்லுங்கள். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் புதிதாகப் போட்டு, வள்ளியூர், இராதாபுரம் பக்கத்து உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாமல், டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட்டை நிரப்புவது நல்லது.