மூன்றாம் நாளை நினைவூட்டும் கருவி எது? கிராமப்புறச் சுகாதாரப் பணியாளர்களுக்கான மென்பொருள்கள்: ஓர் ஒப்பீடு

பத்து மாதக் குழந்தைக்கு இரண்டு நாளாக இருமல். வீட்டுக்கு வரும் சமுதாய சுகாதாரப் பணியாளர், குழந்தை அழாமல் இருக்கும் நேரம் பார்த்து, ஒரு முழு நிமிடம் அதன் மூச்சை எண்ண வேண்டும். 2 மாதம் நிறைந்து 12 மாதம் நிறையாத குழந்தை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேற்பட்ட முறை மூச்சு விட்டால் அது வேக மூச்சு. 12 மாதத்துக்கு மேல் ஐந்து வயது வரை அந்த வரம்பு 40. நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, குழந்தை எதையும் குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். வேக மூச்சு மட்டும் இருந்தால், பணியாளரே மருந்து தர அனுமதி உள்ள இடங்களில், மருந்தைக் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் மறுபடி வந்து பார்க்க வேண்டும். கருவிகளை ஒப்பிட இந்த ஒரு வீட்டையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். வரம்பை நினைவூட்டுவது, முடிவெடுக்க உதவுவது, மூன்றாம் நாளை மறக்கவிடாமல் செய்வது என்ற மூன்றில் எதை எந்தக் கருவி செய்கிறது என்பதே என் கேள்வி.

முதல் போட்டியாளர் காகிதப் பதிவேடுதான். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதற்கு சார்ஜ் தேவையில்லை, சிக்னல் தேவையில்லை, ஒரு பக்கத்தைப் புரட்டினால் ஒரு தெருவின் எல்லாக் குடும்பங்களும் கண்ணில் படும். ஆனால் அது தானாக எதையும் நினைவூட்டாது. மாதக் கடைசியில் கூட்டல் போட்டு அறிக்கை தயாரிக்கச் செலவாகும் நேரம், வீடுகளைப் பார்க்க வேண்டிய நேரத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

பட்டன் போன் மட்டுமே உள்ள இடங்களில் குறுஞ்செய்தி முறை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. யுனிசெஃப் வளர்த்தெடுத்த ரேபிட்எஸ்எம்எஸ் என்ற திறந்த மூல (மூலநிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய) மென்பொருளைக் கொண்டு, கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாட்டை ருவாண்டா 2009-இல் தொடங்கியது. பணியாளர் குறியீடுகளைத் தட்டச்சு செய்து அனுப்ப, ஆபத்து அறிகுறி இருந்தால் சுகாதார நிலையத்துக்கு எச்சரிக்கை போகும். விலை மலிவான, எந்தப் போனிலும் இயங்கும் முறை இது. ஆனால் ஒரு குறுஞ்செய்தியில் 160 லத்தீன் எழுத்துகள் இடம்பெறலாம் என்றால், ஒருங்குறியில் (யூனிகோடில்) எழுதப்படும் மொழிகளுக்கு 70 இடங்கள்தான் கிடைக்கும். தமிழில் ‘கி’ என்ற ஓர் எழுத்தே இரண்டு இடங்களை எடுத்துக்கொள்வதால், கையில் மிஞ்சுவது ஒரு சிறிய வாக்கியம். இந்த நெருக்கடியால்தான் செய்திகள் குறியீடுகளாகச் சுருங்குகின்றன. ஒரு குறியீடு தவறினால் பதிவே தவறிவிடுகிறது. குரல்வழி அழைப்பு இந்தச் சிக்கலைத் தாண்டுகிறது. அது பயிற்சிக்கும் தாய்மாருக்கு அறிவுரை சொல்லவும் மிக நன்றாகப் பொருந்துகிறது. நோயாளியின் பதிவை வைத்துக்கொண்டு தொடர்வதற்குப் பொருந்துவதில்லை.

ஓடிகே, கோபோ டூல்பாக்ஸ் ஆகிய இரண்டும் அடிப்படையில் படிவ நிரப்பிகள். ஓடிகே 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இணைப்பே இல்லாத ஊரிலும் படிவத்தை நிரப்பிச் சேமித்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பலாம். ஒரு விரிதாளில் கேள்விகளை எழுதத் தெரிந்தவர் ஒரே நாளில் படிவம் உருவாக்கிவிடலாம். வீடுவீடாகக் கணக்கெடுக்கவோ, தடுப்பூசி முகாமுக்குப் பிந்தைய ஆய்வுக்கோ இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் இன்று நிரப்பிய படிவமும் மூன்றாம் நாள் நிரப்பும் படிவமும் ஒரே குழந்தையுடையவை என்ற நினைவு இவற்றின் பிறவிக் குணம் அன்று. ஓடிகேயில் அந்த வசதி பின்னாளில் சேர்க்கப்பட்டிருந்தாலும், தொடர் கவனிப்புக்கென்று முழு அமைப்பையும் இதன்மேல் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிஹெச்ஐஎஸ்2-இன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் வேர்விட்டு, ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைப்பில் வளர்ந்த இந்தத் திறந்த மூல மென்பொருளை 70-க்கும் மேற்பட்ட நாடுகள் பயன்படுத்துகின்றன; பல நாடுகளின் தேசியச் சுகாதாரப் புள்ளிவிவரமே இதில்தான் தொகுக்கப்படுகிறது. இதன் ஆண்ட்ராய்டு செயலியும் இணைப்பின்றி இயங்கும், தனிநபர் பதிவுகளைத் தொடரும், மூச்சு எண்ணிக்கையை உள்ளிட்டால் எச்சரிக்கை காட்டும்படியும் அமைக்கலாம். ஆனால் அதன் அமைப்பு மேலிருந்து கீழே பார்க்கும் அதிகாரியின் பார்வையில் உருவானது. குடும்பத்தைக் குடும்பமாகக் காட்டுவதும், இன்று எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று காலையில் சொல்வதும் அதற்கு இயல்பாக வருவதில்லை. மாவட்ட அலுவலருக்கு இது சிறந்த கருவி. வீட்டு வாசலில் நிற்பவருக்கு இரண்டாம் தரத் தேர்வு.

ஆகவே உண்மையான போட்டி காம்கேருக்கும், சிஹெச்டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் கம்யூனிட்டி ஹெல்த் டூல்கிட்டுக்கும் இடையேதான். இரண்டும் சமுதாய சுகாதாரப் பணியை மனத்தில் வைத்தே கட்டப்பட்டவை. இரண்டும் இணைப்பின்றி நாள் முழுதும் இயங்கும். பத்து மாதக் குழந்தைக்கு 54 என்று உள்ளிட்டால் ‘வேக மூச்சு’ என்று சொல்லி அடுத்த படியைக் காட்டும்படி இரண்டையும் அமைக்கலாம்.

டிமாகி நிறுவனத்தின் காம்கேரில் படிவங்களையும் விதிகளையும் நிரல் எழுதத் தெரியாதவரே திரையில் கட்டமைக்கலாம். வாசிக்கத் தடுமாறும் பணியாளருக்குக் கேள்விகளோடு படத்தையும் ஒலிப்பதிவையும் சேர்க்கலாம். சிகிச்சை நெறி மாறினால், திட்டத்தில் பணிபுரியும் செவிலியரே படிவத்தைத் திருத்திப் புதிய பதிப்பை அனுப்பும் அளவுக்கு அது எளிது. இந்தச் சுதந்திரம் களத்தில் எவ்வளவு பெரியது என்பது, ஒரு வரியைத் திருத்த நிரலாளருக்காக வாரக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கே தெரியும். இதற்கான விலை சந்தா. பயனர்கள் பெருகப் பெருகச் செலவும் பெருகும். மூலநிரல் திறந்தே இருந்தாலும், சொந்தச் சர்வரில் அதை நிறுவிப் பராமரிப்பது சிறிய குழுவுக்கு எட்டாத வேலை.

மெடிக் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு முன்னின்று வளர்க்கும் சிஹெச்டியில் பணியாளர் செயலியைத் திறந்ததும் தன் கடமைப் பட்டியலைப் பார்க்கிறார். ‘இந்த வீட்டுக் குழந்தை, மூன்றாம் நாள் மறுபார்வை, இன்று’ என்ற வரி, சர்வரின் துணையின்றிப் போனிலேயே கணக்கிடப்பட்டு வருகிறது. காம்கேரிலும் இப்படி ஒரு பட்டியலை உருவாக்க முடியும். ஆனால் வடிவமைப்பவர் அதை நினைத்துச் செய்ய வேண்டும். சிஹெச்டியில் கருவியின் மையமே அதுதான். உரிமக் கட்டணம் கிடையாது. கென்யா 2023-இல் ஒரு லட்சம் பணியாளர்களுக்குப் பொருள்களையும் போனையும் வழங்கிய திட்டத்தின் மின்னணு அமைப்பு சிஹெச்டியின் மேல் கட்டப்பட்டது. குறைகளும் உண்டு. கடமைகளுக்கான விதிகளை ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுத வேண்டியிருப்பதால் நிரலாளர் இல்லாத குழு தொடங்கவே முடியாது. ஒருவரின் போனில் பதிவுகள் பத்தாயிரத்தை நெருங்கினால் வேகம் குறையும் என்று அதை உருவாக்கியவர்களே எச்சரிக்கிறார்கள். ஆகவே பழைய பதிவுகளைக் களைவதற்கான திட்டம் தொடக்கத்திலேயே வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். சில நூறு பணியாளர்கள், நிரலாளர் இல்லை, நெறிமுறைகள் அடிக்கடி மாறும் என்றால் காம்கேர். ஆயிரக்கணக்கில் விரியப்போகும் அரசுத் திட்டம், நிலையான தொழில்நுட்பக் குழுவும் உண்டு என்றால் சிஹெச்டி. அதிலிருந்து மாதத் தொகைகள் டிஹெச்ஐஎஸ்2-க்குத் தானாகப் போகும்படி இணைத்துவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நோயாளியைத் தொடர்வதையும் முடிவெடுக்க உதவுவதையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது. ஒன்றை மட்டும் தரும் கருவி பாதி வேலையையே செய்கிறது.

எதைத் தேர்ந்தாலும் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தியாவின் அங்கன்வாடிகளில் லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய, காம்கேரை அடிப்படையாகக் கொண்ட செயலியின் இடத்துக்கு 2021-இல் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலி வந்தது. அத்தனை பெரிய அமைப்பும் சில ஆண்டுகளில் மாறக்கூடும் என்பதால், எல்லாப் பதிவுகளையும் முழுமையாக வெளியே எடுக்கும் உரிமை முதல் நாளிலிருந்தே வேண்டும். மற்றொன்று, காகிதப் பதிவேடு நிறுத்தப்படும் தேதி. செயலியிலும் எழுதி, நோட்டிலும் எழுதி, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று விளக்கமும் தரவேண்டிய நிலையில் ஒரு பணியாளரை வைப்பது அநியாயம்; ஏற்கெனவே குறைந்த ஊதியம் பெறும் ஒருவரின் மாலை நேரத்தை நாம் பறிக்கிறோம்.

தேர்வுக்கு முன் ஒரு சோதனை போதும். விற்பனையாளர் நீட்டும் போனில் சோதிக்காதீர்கள். பணியாளர்களுக்குத் தரப்போகும் அதே மலிவான போனை எடுத்து, இணைப்பைத் துண்டித்து, ஒரு பணியாளரிடமே கொடுத்து அந்தப் பத்து மாதக் குழந்தையைப் பதியச் சொல்லுங்கள். பிறகு இணைப்பைத் தராமலே போனின் தேதியை அந்த மூன்றாம் நாளுக்கு மாற்றி, செயலியை மறுபடி திறக்கச் சொல்லி, முதல் திரையில் அந்தக் குழந்தையின் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.